வாசலருகே இருந்த நீலப் படம்

என் வீட்டுக்காரர் யாரையும் குறை சொல்ல மாட்டார். இதைக் கேட்டதும் "நீ கொடுத்து வச்சவ" என்று பெருமூச்சு விடும் பெண்கள் ஒரே ஒரு வாரம் என் வீட்டில் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் இந்த மனிதர் சொல்ல மாட்டார். தட்டு பளபளவென்று இருக்கிறது என்பார். கல்யாணமான புதிதில் அதைப் பாராட்டு என்று நம்பி நானும் பூரித்துப்போயிருக்கிறேன். என் அம்மா ஒருமுறை வந்து முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்த பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது.

பகலில் அவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அரைத்து ஃப்ரேமில் பொருத்துவார். அதில் ஒரு நூல் பிசகினாலும் பொறுக்க மாட்டார், திரும்ப அரைப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவிட்டால் வேறு ஆள். இந்த ஊரின் கலைகளையும் கலைஞர்களையும் கொண்டாடும் இணையப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், எடுபிடி எல்லாம் அவர்தான். ஓவியக் கண்காட்சி, மொட்டை மாடி நாடகம், சுவரில் வரைகிறவர்கள், பழைய சைக்கிள் செயினை வளைத்து யானை செய்கிறவர் என்று ஊரில் யார் எதைச் செய்தாலும் அதில் வந்துவிடும். எனக்கு அது சக்களத்தி என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். சக்களத்தியாக இருந்தாலாவது முடியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கலாம். இதற்கு முடியும் இல்லை.

அந்தப் பத்திரிகையில் எனக்கும் ஒரு மூலை உண்டு. இந்த வாரம் என்ன நிகழ்ச்சி, எங்கே, எப்போது என்று போடும் பக்கம் என் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கலைஞர்கள் போஸ்டர் அனுப்புவார்கள், பாருங்கள், அப்படியொரு அழகு! வண்ணம் இருக்கும், நிழல் இருக்கும், பறவை பறக்கும். தேதி இருக்காது. நான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

"கண்காட்சி எங்கேங்க?"

"வழக்கமான இடத்துலதாங்க."

"வழக்கமான இடம்னா எது?"

"என்னங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்னே வச்சுக்குங்க. படிக்கிறவங்களுக்கு?"

"நம்ம ஆளுங்களுக்குத் தெரியுங்க."

நம்ம ஆளுங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமென்றால் போஸ்டர் எதற்கு? பிறகு கூட்டம் வரவில்லை, ஊருக்கு ரசனை இல்லை என்று எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து புலம்புவதும் இதே ஆட்கள்தான். போட்டோ எடுக்க ஒருவர் இருக்கிறார். அவருக்கு நான் வைத்த பெயர் அரைத்தலை. அவர் எடுக்கும் படங்களில் யாருக்கும் நெற்றிக்கு மேல் இருக்காது. கேட்டால் அது ஒரு பாணி என்பார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது என் வீட்டுக்காரரின் ஒரே கொள்கை. "குறை சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. கொண்டாட நாம மட்டும்தான்" என்பார். மூன்று மணி நேரம் கொட்டாவி விட்டுப் பார்த்த நாடகத்தையும் "நெஞ்சை விட்டு நீங்காத அனுபவம்" என்று எழுதுவார். ஒரே வாரத்தில் நாலு அனுபவம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை என்றால் அந்த நெஞ்சில் மூச்சு விட இடம் ஏது? நான் திட்டினால் சிரிப்பார். எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

ஆனால் இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் ஓரளவுக்கு மேல் திட்டவும் வாய் வராது. இளவட்டமாக இருந்தபோது அவர் ஒரு நாடகத்தில் நடித்தார். வாயிற்காவலன் வேடம், இரண்டே வசனம். மறுநாள் ஒரு பத்திரிகையில் நாடகத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதில் ஒரு வரி: "வாயிற்காவலனாக வந்தவர் நட்டுவைத்த கம்பம் போல நின்றார்." வாயிற்காவலன் வேறு எப்படி நிற்பான்? கும்மாளமா போடுவான்? ஆனால் இவருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு மேடைப் பக்கமே போகவில்லை. "நான் யாருக்கும் அந்த மாதிரி ஒரு காலைப்பொழுதைக் கொடுக்க மாட்டேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு கொடூரமான புல்லாங்குழல் கச்சேரியைத் தேன்மழை என்று எழுதினார். அழுகை போய்விட்டது.

இனி என் நாத்தனாருக்கு வருகிறேன். அவருடைய ஒரே தங்கை, அவரை விட ரொம்ப இளையவள். நாத்தனார் என்றாலே வாய் நீளம் என்பார்கள். எனக்கு வாய்த்தவள் வாயையே திறக்காதவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க", "மூச்சை விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதோடு அவள் பேச்சு முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முன்னறையில் கட்டிலைத் தவிர மற்றதெல்லாம் படங்கள். யார் வந்தாலும் எல்லாவற்றையும் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் நுழைகிற அண்ணி, அதனால் பார்த்துவிட்டேன்.

அவள் வரைந்திருந்ததெல்லாம் அவளுடைய எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருக்கிற மனிதர்கள். பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போன லாரி டிரைவர். ஒரு கையில் கட்டு, இன்னொரு கையில் அறுந்த செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். பெயர் கூப்பிடுவார்களா என்று கதவையே பார்க்கும் கிழவர். எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தச் செருப்புக்காரியைப் பார்த்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கத் தோன்றியது. அது போதாதா?

விடாமல் நச்சரித்தேன். நூலக மாடியில் இருக்கும் ஹாலை ஒரு வாரத்துக்குச் சொல்லிவைத்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டாள், ஆனால் ஒரு நிபந்தனை.

"அண்ணன் வந்து பாக்கணும் அண்ணி. எழுதணும்னு இல்ல. பாத்தாப் போதும்."

"அவர் பாக்காத கண்காட்சி ஊர்ல உண்டா? சைக்கிள் செயின் யானையவே மூணு தடவை போய்ப் பாத்தவராச்சே!"

"அதான் அண்ணி, எனக்கும் ஒரு தடவை."

இதை வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் வாடிவிட்டது. அதன் பிறகு கண்காட்சியைப் பற்றிப் பேசினார், அழைப்பிதழ் செய்தார், ஊரெல்லாம் சொன்னார். ஆனால் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னால் மட்டும், "ஹால்ல மாட்டினதும் பாத்துக்கறேன்" என்று நழுவினார். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். அன்று எனக்குத் தேதியில்லாத போஸ்டர்களோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது.

தொடக்க நாள் சாயங்காலம், "கடையில ஒரு அவசர வேலை, நீ முன்னால போ" என்றார். போனேன்.

ஹால் நிறைந்திருந்தது. போஸ்டரில் தேதியும் நேரமும் நான் போட்டதல்லவா! வாசலுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாள் நான் வந்து எட்டிப் பார்த்தபோது வாசலருகே சுவரில் ஒரு பெரிய நீலப் படம் இருந்தது, ஆஸ்பத்திரி நடைபாதையை வரைந்தது. இப்போது அது இல்லை. அந்த இடத்தில் ஒரு நாடக மேடை. அட்டையில் செய்த அரண்மனைக் கதவு. அதன் பக்கத்தில் கையில் ஈட்டியோடு ஒரு ஒல்லிப் பையன். கீழே இருட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி நெடுநெடுவென்று நின்றான். மூக்கைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முப்பது வருஷமாக நான் திட்டிக்கொண்டிருக்கிற மூக்காயிற்றே.

நாத்தனார் பக்கத்தில் வந்தாள். "காலைலதான் மாட்டினேன் அண்ணி. நீலத்தைக் கழட்டிட்டேன். அண்ணன் உள்ள வந்ததும் முதல்ல இதைத்தான் பாக்கணும். அந்த நாடகத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. முன்வரிசைல தரையில உக்காந்திருந்தேன்." அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஹாலில் அங்கங்கே போன்கள் முணுமுணுத்தன. எங்கள் பத்திரிகையில் புதுக் கட்டுரை வந்தால் அப்படித்தான் சத்தம் வரும். சைக்கிள் செயின் சிலைக்காரருக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது. "அடேங்கப்பா, அண்ணன் அதுக்குள்ள எழுதிட்டாரே!" என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "நெஞ்சை விட்டு நீங்காத அனுபவம். வாசலருகே இருக்கும் அந்த நீலப் படத்தின் முன் நெடுநேரம் அசையாமல் நின்றேன். அந்த நீலம் என்னோடு பேசியது..."

ஹாலில் இருந்த அத்தனை தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

"எங்கேங்க நீலப் படம்?" என்றார் ஒருவர். இன்னொருவர் வெளியே போய்ப் படிக்கட்டிலும் தேடிவிட்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்தது என்னவென்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. முந்தின நாள் அரைத்தலை வந்து, மாட்டிக்கொண்டிருக்கும்போது போட்டோ எடுத்துப் போயிருந்தார். அதை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிவிட்டார் இந்த மகானுபாவர். தொடக்க விழா நேரத்துக்குச் சரியாகக் கட்டுரை வந்தால் தங்கை மகிழ்ந்துபோவாள் என்று நினைத்திருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் சோறே இல்லாத தட்டில் மறைக்கப் பார்த்தார்.

நாத்தனார்தான் வாயைத் திறந்தாள். "காலைல அண்ணன் வந்து பாத்தப்ப அது இருந்துச்சுங்க. அப்புறமா நான்தான் மாத்திட்டேன்."

பொய்யே சொல்லத் தெரியாதவள் அண்ணனுக்காகச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டிக் கைகுலுக்கிப் போனார்கள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு எல்லாத்தையும் இறக்கிடறேன் அண்ணி."

"ஹால் ஒரு வாரத்துக்கு இருக்கே!"

"யாருக்கு?" என்றாள். "அண்ணன் எல்லாருக்கும் எழுதறதை நான் படிக்கிறேன். எனக்கும் அதையேதான் எழுதியிருக்கு. பாக்காமலேயே எழுத முடியுதுன்னா, நான் எதுக்கு வரையணும்? பிரஷ்ஷையெல்லாம் குழந்தைங்க வார்டுக்குக் குடுத்துடறேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். எக்ஸ்ரே தேதியைச் சொல்வது போலச் சொன்னாள். அதனால் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் துரை கதவருகே ஆவலோடு நிற்கிறார். "எல்லாரும் படிச்சாங்களா? தங்கச்சி என்ன சொன்னா?"

"நீலப் படத்துக்கு முன்னால நெடுநேரம் நின்னீங்களாமே. கால் வலிக்கலையா?"

ஏதோ தப்பென்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் விடவில்லை. அந்தப் படம் அங்கே இல்லை என்பதையும், அவள் பொய் சொல்லிக் காப்பாற்றியதையும், நாளைக்கு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வரைவதையே விடப்போவதையும் கொட்டித் தீர்த்தேன். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போய்ப் பாத்து, எனக்குப் பிடிக்கலேன்னா என்ன பண்றது?" என்றார். "வேற யாரா இருந்தாலும் எழுத்துல சமாளிச்சுடுவேன். அவ என் மூஞ்சியைப் பாப்பாளே. சின்னப் பிள்ளைல இருந்து என் மூஞ்சியைப் படிச்சவ. அதுல தெரிஞ்சுடுமே."

"அதனால?"

"அதனால போகல. பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. "அன்னைக்கு ஒருத்தன் ஒரே ஒரு வரி எழுதி உங்களை மேடையை விட்டு இறக்கினான். நீங்க ஒரு முழுப்பக்கம் எழுதி உங்க தங்கச்சியை இறக்கிட்டீங்க. அவனாவது நாடகத்தை உக்காந்து பாத்துட்டு எழுதினான்."

சொன்ன பிறகு நானே பயந்துபோனேன். அவர் லேப்டாப்பைத் திறந்து அந்தக் கட்டுரையைப் பத்திரிகையிலிருந்து நீக்கினார். கைக்கு வேறு வேலை இல்லாததால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "வாசல்ல இப்ப என்ன படம் இருக்கு?" என்று கேட்டார். "அதை நான் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் அடுத்தவங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் நூலகம் திறந்த கொஞ்ச நேரத்திலேயே நாங்கள் வாசலில் நின்றோம். படியேறும்போதே மேலே படங்களை இறக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் கோடியிலிருந்து ஆரம்பித்திருந்தாள். லாரி டிரைவரும் கிழவரும் ஏற்கெனவே தரையில் சுவர் பக்கம் திரும்பியிருந்தார்கள். வாசல் படம் மட்டும் அப்படியே இருந்தது. அதை இறக்கக் கை வரவில்லை போலிருக்கிறது.

இவர் உள்ளே கால் வைத்தார், நின்றார். மேடையும் அட்டைக் கதவும் ஈட்டியும் எதிரே இருந்தன. நான் அவருடைய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வார்த்தை எதுவும் அதில் இல்லை. தேன்மழை, அனுபவம், நெஞ்சு எல்லாம் எங்கோ போய்விட்டன. வெறும் மனிதர் நின்றார். அசையவே இல்லை. இந்த முறை அது பொய்யில்லை.

ஸ்டூலில் நின்றுகொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் வேலைக் குரலில், மெதுவாக, "மூச்சு விடுண்ணா" என்றாள்.

விட்டார். கிட்டே போனார். லென்ஸைப் பார்ப்பது போலக் குனிந்து படத்தைப் பார்த்தார். ஏதாவது கொண்டாடித் தொலைக்கப் போகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கை தப்பு," என்றார்.

நாத்தனார் ஸ்டூலை விட்டு இறங்கினாள். "என்ன தப்பு?"

"ஈட்டியைப் பிடிச்சிருக்கிற கை. நீ உறுதியாப் பிடிச்ச மாதிரி வரைஞ்சிருக்க. அன்னைக்கு அது நடுங்குச்சு. ஈட்டியே ஆடிச்சு. அதை நிறுத்தத்தான் உடம்பை விறைச்சுக்கிட்டு நின்னேன். அதான்..." நிறுத்திவிட்டார். அந்தக் கம்பத்தை அவர் வாயால் சொல்ல வரவில்லை.

"எனக்கு அது தெரியலண்ணா," என்றாள். "கீழேருந்து பாத்தப்ப நீ ரொம்ப உயரமா இருந்த. அந்தக் கதவை உன்னைத் தாண்டி யாராலயும் திறக்க முடியாதுன்னு நெனச்சேன்."

நான் ஜன்னல் பக்கம் போய்விட்டேன். ஆனாலும் காது இங்கேதான் இருந்தது.

"வேற என்ன தப்பு?" என்று நாத்தனார் கேட்டாள். குரலில் அப்படியொரு ஆசை.

"அந்தச் செருப்பு வச்சிருக்கிற அம்மா... அதுல ஒண்ணும் தப்பில்ல. அதைப் பத்தி என்னால இப்பப் பேச முடியல. தரையில வச்சிருக்கியே, அதைத் திருப்பு, பாக்கணும்."

மதியம் வரை இரண்டு பேரும் ஒவ்வொரு படமாகத் திருப்பி, பேசி, திரும்ப மாட்டினார்கள். ஒரு டீ வாங்கி வந்து கொடுக்கக்கூட யாரும் என்னை நினைக்கவில்லை, நானேதான் வாங்கிக் குடித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எரிச்சல்பட்டேன்.

அவர் எழுதிய புதுக் கட்டுரை சின்னது. அதில் நீலப் படத்தைப் பற்றித் தான் பார்க்காமலே எழுதியதை ஒத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வாசலருகே நிற்கும் காவலனின் கை சரியாக வரவில்லை. அது நடுங்க வேண்டும்" என்றிருந்தது. அதை எடுத்துவிடட்டுமா என்று தங்கையிடம் கேட்டார். "அதை மட்டும் எடுத்த, பாத்துக்கோ" என்றாள்.

அது வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கலைஞர்கள் வரிசையாகப் போன் செய்கிறார்கள். சைக்கிள் செயின்காரர் நேரிலேயே வந்துவிட்டார். "என் யானையை மூணு தடவை பாத்தாரே, ஒரு குறைகூடவா தெரியல? நெஜமாப் பாத்தாரா இல்லையா?" என்று என்னிடம் சண்டை. காது கொஞ்சம் பெரிசு என்று நானே சொல்லி அனுப்பினேன். சந்தோஷமாகப் போனார்.

கண்காட்சி முடிந்து வாசல் படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். நாத்தனார் லீவு நாளில் பெயிண்டும் பிரஷ்ஷுமாக வந்து அந்தக் கையைத் திருத்துகிறாள். இவர் பின்னால் நின்று, "இப்ப ஜாஸ்தியா நடுங்குது", "கட்டைவிரல் இப்படி இல்ல" என்று ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்கிறார். வீடெல்லாம் டர்பன்டைன் நாற்றம். சாப்பிடுவதற்கு மேசையும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு, விட்டுத் தொலையேன்," என்றேன் ஒரு நாள். "இன்னும் எத்தனை தடவைதான் மாத்துவ?"

நாத்தனார் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இருங்க அண்ணி. அண்ணன் இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கு."